ஜிப்பு தெரியுற பூதம்: அக்காகிட்ட கேளுங்க

போன மாசம் வேற ஏதோ கேள்விக்கு பதில் சொல்றப்ப, சும்மா போற போக்குல, "எங்க வீட்டு வாண்டுங்களுக்கு லீவு விட்டா பழைய பூதப் படம்தான் போடுவேன்"னு ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் எக்கச்சக்கம். பாதி பேர் திட்டிருக்கீங்க, பாதி பேர் லிஸ்ட் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவ மாமியார் சண்டை, முடி கொட்டுறது எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு இதையே எடுத்துக்கறேன். (மாமியார் சண்டை ஒண்ணு இதுலயும் வருது, அத தப்பிக்க முடியல.)

கேள்வி: அக்கா, என் பையனுக்கு அஞ்சு வயசு. எங்க வீட்டுக்காரருக்கு பழைய காட்ஜில்லா, கிங் காங்னா உசுரு. போன ஞாயித்துக்கெழம அப்பாவும் புள்ளையும் உக்காந்து கருப்பு வெள்ளை காட்ஜில்லா படத்த முழுசா பாத்தாங்க. அப்ப நல்லாத்தான் இருந்தான். ராத்திரியானா பாத்ரூமுக்கு தனியா போக மாட்டேங்கறான், கரெண்ட் போனா கத்துறான். மாமியார் "புள்ள பயந்துருச்சு, மந்திரிச்சு விடணும்"ங்கறாங்க. அவரு "ரெண்டு நாள்ல சரியாயிடும், விடு"ங்கறாரு. நான் யார் பேச்ச கேக்க? (ஒரு வாசகி, அம்மாபேட்டை)

பதில்: மொதல்ல மாமியார் பேச்ச கேளு கண்ணு. கிண்டலுக்கு சொல்லல. அஞ்சு வயசு புள்ளைய மடியில போட்டு, நெத்தியில துண்ணூறு பூசி, வேப்பிலையால மூணு தடவ தடவிவிட்டு, "போயிருச்சு, ஓடியே போயிருச்சு"ன்னு ஒரு பெரியவங்க சொன்னா அவனுக்கு அது புரியும். "அதெல்லாம் பொய்டா, சும்மா படம்டா"ன்னு நீங்க விளக்கம் சொன்னா அது ஏறாது, ஏன்னா அந்த வயசுல பயம் கண்ணு வழியாத்தான் வருது, பல்லு பெருசா இருந்தா பயம், கண்ணு முட்டையா இருந்தா பயம், பொய்யா நெசமாங்கற கணக்கெல்லாம் அதுக்கப்புறம்தான். எட்டு ஒம்பது வயசானா அப்படியே தலகீழா மாறும், பூதத்த பாத்து சிரிப்பான், திருடன் வருவானா தீ புடிக்குமான்னு கேட்டு தூங்க மாட்டான். அது வேற கத.

இப்ப வீட்டுக்காரருக்கு. தம்பி, படம் காட்டுனது தப்பில்ல, எடுத்த படம்தான் தப்பு. 1954ல வந்த அந்த முதல் காட்ஜில்லா காமெடிப் படமே இல்ல. ஹிரோஷிமா நாகசாகியில குண்டு போட்டு ஒம்பது வருஷம்தான் ஆயிருந்துச்சு, அந்த வருஷம் மார்ச்சுல அமெரிக்கா பண்ணுன ஹைட்ரஜன் குண்டு சோதனையில ஜப்பான் மீன்பிடிப் படகு ஒண்ணு மாட்டிக்கிச்சு, அந்த பயம் எல்லாத்தையும் மொத்தமா வாரி எடுத்த படம் அது. ஊர் எரியுது, ஆஸ்பத்திரில புள்ளைங்க, ஒரு அம்மா கொழந்தைங்கள கட்டிப்புடிச்சிக்கிட்டு சீக்கிரம் அப்பாகிட்ட போயிடலாம்னு சொல்லுது. இத அஞ்சு வயசுக்கு காட்டிட்டு ரெண்டு நாள்ல சரியாயிடும்னா எப்படி? அவனுக்கு வேண்டியது அதுக்கப்புறம் வந்த மல்யுத்தப் படங்க. 1962ல காட்ஜில்லாவும் கிங் காங்கும் மோதுற படத்துல காங் ஒரு மரத்த புடுங்கி காட்ஜில்லா வாய்க்குள்ள திணிக்கும், நம்மூர்ல அடம் புடிக்கிற புள்ளைக்கு சோறு ஊட்டுற மாதிரி. மெகலான்ங்கற பூதத்தோட மோதுற 1973 படத்துல காட்ஜில்லா வால தரையில வெச்சு சறுக்கிட்டே வந்து ரெண்டு காலால எட்டி உதைக்கும். அத பாத்து பயந்த புள்ளைய நான் இன்னும் பாக்கல.

என் கத ஒண்ணு சொல்றேன். எனக்கு ஆறு வயசிருக்கும், எங்க ஆயா வீடு நம்ம சேலத்துல குகைங்கற ஏரியாவுல. ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகைக்கு வண்டி வேடிக்கை நடக்குமில்ல, சாமி வேஷம் போட்டு ஜோடிச்ச வண்டியில ஏத்தி ஊர்வலமா வருவாங்க, பாக்காதவங்க ஒரு தடவ வந்து பாருங்க. அந்த வருஷம் ஒரு வண்டியில காளி. நாக்கு நெஞ்சு வரைக்கும் தொங்குது, கையில சூலம், கீழ ஒரு அசுரன். நான் ஆயா முந்தானைக்குள்ள பூந்தவதான், வீட்டுக்கு வந்தும் வெளிய வரல. மறு வருஷம் எங்க ஆயா என்ன பண்ணுச்சு தெரியுமா, ஊர்வலம் கெளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே என்னைய கூட்டிட்டு போயி வேஷம் கட்டுற எடத்துல உக்கார வெச்சிருச்சு. காளி டீ குடிச்சிட்டு இருந்தாரு. நாக்க கழட்டி பக்கத்துல ஒரு எவர்சில்வர் தட்டுல வெச்சிருந்தாரு. மீசை இருந்துச்சு, அத அப்புறமா பவுடர் போட்டு மறைச்சாங்க. "பாப்பா, தட்டுவடை செட் சாப்புடுறியா"ன்னு கேட்டாரு. அன்னிக்கு ராத்திரி அதே காளி வண்டியில வர்றப்ப எனக்கு பயமும் இருந்துச்சு, கையெடுத்து கும்புட்டேன், ஆனா கூட்டத்துலயே எனக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரிஞ்ச மாதிரி ஒரு கெத்தும் இருந்துச்சு.

பழைய பூதப் படம் புள்ளைங்களுக்கு ஏன் நல்லதுன்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட இருக்கற பதில் அந்த தட்டுல இருந்த நாக்குதான். இப்ப வர்ற கிராபிக்ஸ் பூதத்துல தையல் தெரியாது, கம்பி தெரியாது, புள்ளைக்கு புடிச்சிக்க ஒரு நூல் கெடையாது. பழைய படத்துல முதுகுல ஜிப் தெரியும், கால் பக்கம் ரப்பர் மடியும், பறக்குறவனுக்கு மேல கயிறு தெரியும். அத கண்டுபுடிக்கிற புள்ள பூதத்த விட ஒரு படி மேல ஏறி நிக்குது.

அதனால உங்க பையனுக்கு காட்ஜில்லாவோட நாக்க கழட்டி காட்டுங்க. காட்ஜில்லாங்கறது ரப்பர் சட்டைக்குள்ள பூந்த ஒரு மனுஷன், அவரு பேரு ஹருவோ நகஜிமா. மொதல்ல செஞ்ச சட்டை சுமார் 100 கிலோ. உங்க வீட்டு 25 கிலோ அரிசி மூட்டைய காட்டி, இந்த மாதிரி நாலு மூட்டைய போட்டுக்கிட்டு நடக்கணும்டான்னு சொல்லுங்க. அவரால கொஞ்ச தூரத்துக்கு மேல நடக்கவே முடியல, அப்புறம் வேற சட்டை செஞ்சாங்க. அப்புறம் அந்த சத்தம். பாதி பயம் காது வழியாத்தான். படத்துக்கு மியூசிக் போட்ட அகிரா இஃபுகுபே, பெரிய வயலின் மாதிரி இருக்கற டபுள் பாஸ் வாத்தியத்தோட கம்பிய தளத்தி விட்டு, பிசின் தடவுன தோல் கையுறையால அத இழுத்து தேச்சு எடுத்ததுதான் அந்த உறுமல். நீங்களே பண்ணலாம். டீ குடிக்கிற பேப்பர் கப் அடியில ஓட்டை போட்டு கெட்டியான நூல் ஒண்ண கோத்து உள்பக்கம் முடிச்சு போடுங்க, ஈரத்துணியால நூல இறுக்கி புடிச்சு விட்டு விட்டு இழுங்க. கோழி கத்துற மாதிரி வரும், பெரிய கப்னா இன்னும் அடிச்சொரமா வரும். துணி நூல புடிக்குது, வழுக்குது, திரும்ப புடிக்குது, அந்த அதிர்வ கப்பு பெருசாக்குது, அந்த கையுறைக்கும் அதே வேலதான். ராத்திரி பாத்ரூமுக்கு கப்ப எடுத்துட்டு போகச் சொல்லுங்க, அவன் உறுமட்டும். மாமியாருக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சிருங்க.

இனிமே பகல்ல பாருங்க, ரிமோட் அவன் கையில இருக்கட்டும். பாதியில நிறுத்துனா நிறுத்தட்டும், "முழுசா பாத்தாத்தான்டா நல்லாருக்கும்"னு அவங்கப்பா அடம் புடிக்க கூடாது.

கேள்வி: அம்மிணி, எனக்கு எழுபத்தி மூணு வயசு. பேரன் பேத்திங்க பெங்களூருல இருந்து லீவுக்கு வர்றாங்க, எட்டு வயசு, ஆறு வயசு. நான் சின்ன வயசுல டூரிங் டாக்கீஸ்ல மண்ணு குமிச்சு உக்காந்து பாத்த மாயாஜாலப் படமெல்லாம் போட்டு காட்டுனா பத்து நிமிஷத்துல "போர் தாத்தா"ன்னு செல்போன எடுத்துக்கறாங்க. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. (ஒரு தாத்தா, அழகாபுரம்)

பதில்: ஐயா, நீங்க படத்த டைட்டில்ல இருந்து போட்டிருப்பீங்க, சரிதானுங்களே? மூணு மணி நேரப் படம், அதுல பாட்டு ஒரு டஜன், பூதம் வர்றதுக்குள்ள புள்ளைங்க தூங்கிரும். நடுவுல இருந்து போடுங்க, ஒண்ணும் பாவமில்ல. மாயாபஜார்ல (1957) எஸ்.வி.ரங்காராவ் கடோத்கஜனா வந்து கல்யாண சமையல மொத்தமா காலி பண்ற சீன் இருக்கே, லட்டு தானா பறந்து வாய்க்குள்ள போகுமே, அதுல ஆரம்பிங்க. அசுரன்தான், கோரப்பல்லு, மீசை, கதாயுதம் எல்லாம் இருக்கு, ஆனா சாப்பாட்ட பாத்து சிரிக்கிற அசுரன், ஆறு வயசுக்கு அத விட நல்ல முதல் பூதம் கெடைக்காது. கேமராமேன் மார்கஸ் பார்ட்லி கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல பண்ணுன வித்தை அது. எப்படி பறந்துச்சுன்னு சொல்லிடாதீங்க, புள்ளைங்கள யோசிக்க விடுங்க. அப்புறம் பட்டணத்தில் பூதம் (1967), ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவா வருவாரு. விட்டலாச்சார்யா படத்துல அடுப்புல விறகுக்கு பதிலா கால நீட்டி சமைக்கிற பேய எட்டு வயசுக்காரனுக்கு காட்டுங்க, சின்னதுக்கு வேண்டாம். (எங்க வீட்டுல கேஸ் தீந்தப்ப எங்க அக்கா பொண்ணு நெசமாவே கால நீட்டிருச்சு.)

காதலிக்க நேரமில்லை (1964) படத்துல நாகேஷ் பாலையாவுக்கு பேய்க்கத சொல்ற சீன மட்டும் தனியா போடுங்க. அதுல பேயே இல்ல. ஒரு மனுஷன் வாயாலயே கதவு சத்தம் காலடி சத்தம் எல்லாம் போடுறாரு, இன்னொரு மனுஷன் மூஞ்சி மட்டும் பயப்படுது, அவ்ளோதான் மொத்தமும். டிவிய அணைச்சிட்டு நீங்க நாகேஷா இருங்க, பேரன் பாலையாவா இருக்கட்டும். ரெண்டு நாள்ல அவன் உங்களுக்கு கத சொல்ல ஆரம்பிச்சிருவான் பாருங்க.

இன்னொண்ணு, இது நம்மூர்க்காரங்க நெறைய பேருக்கே தெரியாதுங்க. பூதப் படத்துக்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டாம். 1952ல நம்ம சேலத்து சினிமா கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் அமெரிக்க கம்பெனி ஒண்ணோட கூட்டு சேந்து ஒரு படம் எடுத்தாரு, இங்கிலீஷ்ல தி ஜங்கிள், தமிழ்ல காடு. டைரக்டர் வில்லியம் பெர்க், ராட் கேமரன், மேரி வின்சர்னு ஹாலிவுட் ஆளுங்க, கூட நம்ம எம்.என்.நம்பியார். கத என்னன்னா காட்டு யானைங்க ஊருக்குள்ள வெறி புடிச்சு ஓடி வருது, ஏன்னு பாத்தா காட்டுக்குள்ள மாமூத் இருக்கு, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சு போன சடை முடி யானை. மாமூத்துக்கு எங்க போறது? நம்ம யானைங்களுக்கே ரோமத்த மாட்டி விட்டுட்டாங்க! மாட்டுப் பொங்கலுக்கு ஜோடிச்ச மாதிரி நிக்கும் பாவம், நம்ம வெயிலுக்கு அதுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சாலே எனக்கு வேர்க்குது. அந்தப் படத்துல நடிச்ச சீசர் ரொமேரோதான் பின்னாடி 1966ல வந்த பேட்மேன் டிவி தொடர்ல ஜோக்கர். மீசைய எடுக்க மாட்டேன்னு அடம் புடிச்சு அது மேலயே வெள்ளை மாவு பூசிக்கிட்டாரு, க்ளோசப்ல மீசை நல்லாவே தெரியும். எங்க காளி மாதிரியே.

புள்ளைங்கள ஏற்காடு ரோட்டுல கூட்டிட்டு போயி அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவ காட்டுங்க, இந்த வாசல் வெச்சிருந்த கம்பெனிதான் யானைக்கு முடி ஒட்டுச்சுன்னு சொல்லுங்க. செல்போன்ல அவங்களே அந்தப் படத்த தேட ஆரம்பிப்பாங்க.

கேள்வி: அக்கா, பேய் படத்துக்கு நீங்க சர்டிபிகேட் குடுக்கறீங்க, காமெடிக்கு என்ன சொல்றீங்க? எங்க பொண்ணுக்கு ஏழு வயசு, பழைய காமெடி சீனெல்லாம் யூடியூப்ல பாத்துட்டு, போன வாரம் சொந்தக்காரங்க நெறைஞ்ச வீட்டுல அவங்க அமுச்சிய (அம்மாவப் பெத்த பாட்டி) பாத்து "வந்துட்டா குண்டு பூசணி"ன்னு சொல்லிருச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க, அமுச்சி மட்டும் சிரிக்கல. (ஒரு அம்மா, சூரமங்கலம்)

பதில்: உண்மைய சொல்லட்டுமா, நான் பேய்ப் படத்த விட காமெடியத்தான் மொதல்ல உக்காந்து பாத்து வடிகட்டுவேன். காட்ஜில்லா பாத்த புள்ள யார் மேலயும் நெருப்பு கக்கறதில்ல, காமெடி பாத்த புள்ள மறுநாள் ஸ்கூல்ல அப்படியே எறக்கும். நம்ம பழைய காமெடில பாதி, கறுப்பா இருக்கறவன், சொட்டை, குண்டு, திக்கு வாய், எதுத்து பேச முடியாதவன், இவங்கள வெச்சுத்தான் ஓடுது. நானும் அதுக்கு வயிறு குலுங்க சிரிச்சவதான், இப்பவும் டிவில வந்தா கைவேலைய விட்டுட்டு நிப்பேன், அத மறைக்கல. ஆனா ஏழு வயசுக்கு எது ஜோக், எது அடின்னு பிரிக்கத் தெரியாது, எல்லாரும் சிரிச்சாங்கங்கறது மட்டும்தான் தெரியும். உங்க வீட்டுலயும் அதேதான நடந்துச்சு, சிரிச்சது பெரியவங்க, அதனால மொத தப்பு அந்தப் பக்கம்.

புள்ளைய கூப்புட்டு நிக்க வெச்சு மன்னிப்பு கேக்க வெக்காதீங்க. தனியா உக்கார வெச்சு, "அமுச்சி ஏன் சிரிக்கல?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் சொல்லலன்னாலும் பரவால்ல, கேள்வி உள்ள போயிருக்கும்.

எது காட்டலாம்னா, என் கணக்கு ரொம்ப சிம்பிள், அடி வாங்குறவன் யாருன்னு பாருங்க, தன்னையே கேணயனாக்கிக்கிற ஆளுன்னா தாராளமா காட்டலாம். மிஸ்டர் பீன் (கார்ட்டூன் இல்ல, ஆளு நடிச்சது) மொத்தமே 15 எபிசோடுதான், அந்த ஆளுக்கு பேச்சு ரொம்ப கம்மி, மாட்டிக்கறதெல்லாம் அந்த ஆளேதான். சாப்ளின் தி கோல்டு ரஷ் (1925) படத்துல பசிக்கு ஷூவ வேக வெச்சு சாப்புடுவாரு, ஷூ லேஸ நூடுல்ஸ் மாதிரி சுத்தி சுத்தி. அந்த ஷூ அதிமதுரத்துல செஞ்ச மிட்டாய். இருமலுக்கு நம்ம வீட்டுல வெச்சிருக்கற அதே அதிமதுரம், ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டு சீன பாக்க சொல்லுங்க. கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழ சீன் காட்டலாம், கடைசியில அடி இருக்கு, ஆனா சிரிப்பு அந்த ரெண்டு பழக் கணக்குல இருக்கு, ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கே புரியும். லொள்ளு சபா எனக்கு உசுரு, ஆனா அது வேற படத்த கிண்டல் பண்றது, மூலப் படம் தெரியாத புள்ளைக்கு அதுல மிச்சமிருக்கறது டபுள் மீனிங் மட்டும்தான். அத பசங்க காலேஜ் போனதும் சேந்து பாத்துக்கலாம்.

கேள்வி: பழைய கிங் காங் படம் பாத்தோம். எம் பொண்ணு பயப்படவே இல்ல, ஆனா கடைசில காங் கட்டடத்து மேல இருந்து விழுந்ததும் அரை மணி நேரம் அழுதா. ஆறு வயசு. காட்டியிருக்க கூடாதோ? (ஒரு அப்பா, கொண்டலாம்பட்டி)

பதில்: அழட்டும் தம்பி, நானும் அழுதிருக்கேன். அது எந்த ஊருக்கும் வர்றேன்னு கேக்கல, கட்டித் தூக்கிட்டு வந்தது மனுஷங்க, ஆறு வயசுல அத புடிச்சிருச்சுன்னா நல்ல புள்ளதான்.

அழுது முடிச்சதும் ஒண்ணு காட்டுங்க. 1933ல வில்லிஸ் ஓ பிரையன் ஆட்டி வெச்ச அந்த காங் பொம்மை ஒன்றரை அடிதான், மேல முயல் ரோமம். ஒரு நொடி படத்துக்கு 24 போட்டோ, ஒவ்வொரு போட்டோவுக்கும் பொம்மைய இத்துனூண்டு நகத்தணும். நகத்துறப்ப கைவிரல் பட்ட எடத்துல ரோமம் கலையும், அதனாலதான் படத்துல காங் மேல முடி சும்மா நிக்கறப்பவும் காத்து அடிச்ச மாதிரி அலையுது. நிறுத்தி நிறுத்தி பாருங்க, தெரியும். அது அத்தனையும் விரல் தடம். என் மருமகப் புள்ளைங்க இத பாத்துட்டு சப்பாத்தி மாவுல டைனோசர் புடிச்சு, செல்போன புத்தகத்து மேல சாய்ச்சு வெச்சு, நொடிக்கு 12 போட்டோன்னு கணக்கு போட்டு 60 போட்டோ எடுத்தாங்க. அஞ்சு நொடி படம், அதுக்கு ஒரு மத்தியானம் பூரா போச்சு. டைனோசர் முறுக்க தின்னுது, முறுக்கு கொஞ்சம் கொஞ்சமா கொறையணும்ல, அத கடிச்சு கொறைக்கறதுக்கு பெருசா சண்ட.

கேள்வி: காட்ஜில்லா வந்தா ஏற்காட்டுக்கு ஏறி வருமா? எங்க வீடு மலை மேல இருக்கு. (ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பாப்பா, அவங்கம்மா எழுதி அனுப்பினது)

பதில்: பாப்பா, அக்கா கணக்கு போட்டு பாத்துட்டேன். முதல் படத்து காட்ஜில்லா ஒசரம் 50 மீட்டர். நம்ம சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 278 மீட்டர், உங்க ஏற்காடு 1515 மீட்டர். நடுவுல இருக்கறத 50ஆல வகுத்தா, கிட்டத்தட்ட 25 காட்ஜில்லா ஒண்ணு தோள் மேல ஒண்ணு ஏறி நின்னாத்தான் உங்க வீட்டு ஜன்னல எட்டும். ரோட்டுல வரலாம்னா 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, பஸ்ஸே ஒடிச்சு ஒடிச்சுத்தான் திரும்புது, அதுக்கு வால் வேற அவ்ளோ நீளம், மூணாவது வளைவுலயே மாட்டிக்கும். அப்படியும் வந்துச்சுன்னா பனி மூட்டத்துல அதுக்கு ஒண்ணும் தெரியாது, ஏரிக்கரை கொரங்குங்க கையில இருக்கறத எல்லாம் புடுங்கிட்டு விட்டுரும். நீ ஒரு பேப்பர் கப்பும் நூலும் எடுத்து வெச்சுக்கோ, எப்படி பண்றதுன்னு மேல அம்மாபேட்டை தம்பிக்கு எழுதிருக்கேன், அம்மாவ படிச்சு சொல்லச் சொல்லு.